யூதர் என்ன பிரச்சினை கொடுத்தார்கள்?

பிரேமிளாவுக்கு எதையும் வாசிக்காமல் தட்டச்சுச் செய்யத் தெரியாது. புதுக்குடியிருப்பு போட்டோக்கொப்பிக் கடையில் அவளுக்கு அதுதான் வேலை. வாசித்ததை மனதில் போட்டுக் குடைவது அவளுடைய வியாதி.

அன்று ரியூசன் ஆசிரியர் பிரதாபன் சேர் தந்துவிட்டுப் போன வரலாற்றுக் குறிப்பின் தலைப்பு ‘யூதப் பிரச்சினை’. நாலு மணி ரியூசன் வகுப்புக்கு ஐம்பது கொப்பி வேண்டும். யூதர் எவரையும் அவள் கண்டதில்லை. அப்படி என்னதான் பிரச்சினை கொடுத்தார்கள் என்று அறியும் ஆவலில் மளமளவென்று அடித்தாள். கடைகளைப் பூட்டினார்கள், வேலையைப் பறித்தார்கள், ரயிலில் ஏற்றிக் கொண்டுபோனார்கள், அறுபது இலட்சம் பேரைக் கொன்றார்கள். எல்லாம் நாசிக் கட்சியினர் செய்தவை. கடைசி வரியும் முடிந்தது. யூதர் கொடுத்த பிரச்சினையை மட்டும் காணவில்லை.

மூன்றரைக்குச் சேர் வந்தார்.

“சேர், ஒரு பக்கம் விடுபட்டுப் போச்சோ? யூதர் என்ன பிரச்சினை குடுத்தவை எண்டு இதில இல்லை.”

சேரின் முகம் கறுத்தது. “அது காலங்காலமா அப்பிடித்தான் எழுதிறது, பிள்ளை. தந்ததை அடியுங்கோ. ஏலாதெண்டால் எதிர்க் கடையில குடுக்கிறன்.”

சேர் போனால் அவளுடைய வேலையும் போகும்; முதலாளி அப்படிப்பட்டவர். பிரேமிளா விசைப்பலகைக்குத் திரும்பினாள். தலைப்பின் எழுத்தளவைப் பார்க்க, போன மாதம் சேருக்கு அடித்த குறிப்பைத் திறந்தாள்.

‘இந்தியத் தமிழர் பிரச்சினை’ என்றிருந்தது.

அவளே அடித்தது. வாசித்துத்தான் அடித்தாள், உறைக்கவில்லை. மலையகத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, நாடு சுதந்திரமடைந்த நாற்பத்தெட்டில் குடியுரிமை பறிபோய், எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் செத்தவர் அவளுடைய பூட்டன். அவரா பிரச்சினை? வேலை போனால் போகட்டும் என்று திரையைச் சேர் பக்கம் திருப்பினாள்.

“சேர், இது எங்கட ஆக்கள். நாங்கள் ஆருக்கு என்ன செய்தனாங்கள்?”

சேர் இரண்டு தலைப்பையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் போன மாதக் குறிப்பை ஓர் எழுத்துப் பிசகாமல் வகுப்பில் ஒப்பித்தவள் பிரேமிளாவின் மகள் தர்மிளா. போன கிழமை அவளுக்குக் கைதட்ட வைத்தவரும் அவர்தான்.

பேனையை எடுத்துத் தன் கையெழுத்துத் தாளில் ‘யூதப் பிரச்சினை’யை வெட்டி, ‘யூத மக்களுக்கு நாசிகள் இழைத்த கொடுமை’ என்று எழுதினார்.

“மற்றதுக்கு என்ன போடுறது, பிள்ளை? நீங்களே சொல்லுங்கோ.”

அவள் அடித்துக் காட்டினாள்: ‘மலையகத் தமிழரின் குடியுரிமையை அரசு பறித்தது.’

“அதிலயும் ஐம்பது எடுங்கோ. வகுப்பு பிந்தினால் பிந்தட்டும்,” என்றார் சேர். “முதல் கொப்பியைத் தர்மிளாவுக்கு நானே குடுக்கிறன். பிழையாப் படிப்பிச்சது நான் எண்டும் சொல்லுறன்.”