மூன்றாவது வரி

ஆறுமுகத்தாய்க்கு விருது கொடுக்கப் போகிறார்கள் என்ற சேதி வந்தபோது அவள் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். இதில் விசேஷம் ஒன்றும் இல்லை. முக்கூடல் பக்கத்து ஊர்களில் நல்ல சேதியானாலும் கெட்ட சேதியானாலும் பெண்கள் மடியில் பீடித்தட்டோடுதான் கேட்பார்கள். பெண் பார்க்க வருகிறவர்களைக்கூட தட்டைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் வரவேற்பார்கள்.

விருது எதற்கு என்றால், குடிகாரர்களைத் திருத்தியதற்கு. பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் நடத்தும் ஒரு நலச்சங்கம், போதை ஒழிப்புக்குப் பாடுபடுகிறவர்களை வருஷத்துக்கு ஒருமுறை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துகிறது. இதுவரை டாக்டர், போதகர், வக்கீல் என்றுதான் போர்த்தி வந்தார்கள். இந்த வருஷம் செயலாளர் எலியேசர் சார், "நெசமா வேலை பாக்குத ஆளுக்குக் கொடுப்போம்" என்று ஒற்றைக்காலில் நின்று ஆறுமுகத்தாயைத் தேர்ந்தெடுத்தார். நல்ல மனுஷர். அந்த நல்ல மனசால்தான் இவ்வளவு வில்லங்கமும் வந்தது.

அவள் முறை ரொம்பச் சாதாரணம். செவ்வாய்க்கிழமை தோறும் குடியை விட நினைக்கிறவர்கள் ஊர் இசக்கியம்மன் கோயில் வாசலில் கூடுவார்கள். அவள் ஒவ்வொருவர் கையிலும் மஞ்சள் கயிறு கட்டிவிடுவாள். அடுத்த செவ்வாய் வரைக்கும் குடிக்க மாட்டேன் என்று அம்மன் முன்னால் சத்தியம் செய்ய வேண்டும். அவ்வளவுதான். எவனாவது உணர்ச்சிவசப்பட்டு ஆயுசுக்கும் தொட மாட்டேன் என்று ஆரம்பித்தால் சீறி விழுவாள்.

"ஆயுசு என்ன உன் சட்டைப் பையிலயா இருக்கு? முடியுததை மட்டும் சொல்லுலே."

இடையில் குடித்துவிட்டவன் மறைக்காமல் வந்து சொன்னால் ஒரு வார்த்தை ஏச மாட்டாள். மறுபடியும் கயிறு கட்டுவாள். குடித்துவிட்டு இல்லை என்று சாதிப்பவனைத்தான் வாசலில் ஏற்றமாட்டாள். அவள் புருஷன் சங்கிலிபூதத்தான் அவள் தலையிலும் பிள்ளை தலையிலும் மாறி மாறி அடித்துச் சத்தியம் செய்தே ஈரல் கெட்டுச் செத்தவன். பொய்ச் சத்தியம் எப்படியிருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போதைக்குப் பதினைந்து பேர் அவள் கயிற்றில் இருக்கிறார்கள். பதினான்கு பேர் வருஷக்கணக்கில் தாக்குப்பிடித்தவர்கள். பதினைந்தாவது ஆள் மணிராஜ், டிராக்டர் ஓட்டுகிறவன், நான்கு வாரம்தான் ஆகிறது. விழாவுக்கு முந்தின நாள் அவன் பெண்டாட்டி இசக்கிச்செல்வி வந்து புலம்பினாள்.

"அவுக குடிக்க ஒரு சாக்கு தேடிக்கிட்டு அலையுதாக மதினி. குழம்புல உப்பு கூடுனாக்கூட அதையே சொல்லிக்கிட்டுக் கடைக்குப் போயிருவாக போலிருக்கு."

"விழாவுக்கு அவனையும் கூட்டிட்டுப் போறேன். ஒரு பொழுது கழியும்லா" என்றாள் ஆறுமுகத்தாய்.

பதினைந்து பேரும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு சங்கத்து ஹாலில் மூன்றாவது வரிசையை நிறைத்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் முந்நூறு கல்லூரிப் பிள்ளைகள். எலியேசர் சார் ஆறுமுகத்தாயை மேடை ஓரத்துக்குக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். உறுதிமொழி. அவள் வாசிக்க, ஹாலே எழுந்து நின்று திருப்பிச் சொல்ல வேண்டும். அவளுக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று அவராகவே செய்த ஏற்பாடு.

அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். முதல் வரி, மது அருந்த மாட்டேன். இரண்டாவது, பிறரையும் அருந்த விடமாட்டேன். மூன்றாவது வரியில் விரல் நின்றுவிட்டது. மது, புகையிலை, போதைப் பொருள் எதையும் தயாரிக்கவோ விற்கவோ துணைபோகவோ மாட்டேன்.

இத்தனை வருஷத்தில் அவளுக்கு இது ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை. ஊரில் யாருக்குமே தோன்றியதில்லை. சாராயம் குடி கெடுப்பது. பீடி உலை கொதிக்க வைப்பது. இரண்டையும் ஒரே வரியில் போட்டு யாரும் அவளிடம் காட்டியதில்லை.

"சார், நான் பீடி சுத்துதவ. இதை எப்படிச் சொல்ல?"

எலியேசர் சாருக்கு முகம் வெளுத்தது. அவள் என்ன தொழில் செய்கிறாள் என்று அவர் கேட்டதே இல்லை. குடிகாரர்களைப் பற்றியே பேசிவிட்டு வந்திருக்கிறார்.

"அது சும்மா ஒரு சம்பிரதாயம்மா. எல்லாரும் சொல்லுததுதான்."

"சும்மா சொல்லுத சத்தியமும் உண்டா சார்?"

"பிள்ளைக கையில அச்சடிச்ச தாளைக் கொடுத்தாச்சு, இனி மாத்த முடியாது. ஒண்ணு செய்யுங்க. அந்த வரி வரும்போது வாயை மட்டும் அசைங்க. நான் பக்கத்து மைக்குல சொல்லிருதேன். ஒருத்தருக்கும் தெரியாது." முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பாட்டுக்குழுவை நடத்தியவர், சுருதி சேராத பிள்ளைகளை அவர் அப்படித்தான் சமாளித்திருப்பார்.

மேடையில் ஏறிக் கையை நீட்டியபோது அவளுக்கு மூன்றாவது வரிசை மட்டும்தான் தெரிந்தது. பதினைந்து கைகளில் பதினைந்து மஞ்சள் கயிறு. மணிராஜ் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லிவிட்டால் இனி எந்த முகத்தோடு இவன்களிடம் சத்தியம் கேட்பது? சொல்லாவிட்டால் தன்னை நம்பிக் கூட்டிவந்த நல்ல மனுஷருக்கு முந்நூறு பேர் முன்னால் தலைகுனிவு. முதல் வரியை வாசித்தாள், ஹால் அதிர்ந்தது. இரண்டாவதையும் வாசித்தாள். எலியேசர் சார் பக்கத்து மைக்கிடம் குனிந்தார்.

"பொறுங்க சார்" என்றாள். அது மைக்கில் எல்லோருக்கும் கேட்டது. "எய்யா, இந்த வரியை என்னால சொல்ல முடியாது. நான் பீடி சுத்தித்தான் கஞ்சி குடிக்கேன். நாளைக்கும் சுத்துவேன். முடியுதவுக சொல்லுங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அப்புறம் ஹாலே சிரித்தது. எலியேசர் சார் மீதியை அவசரமாக வாசித்து முடித்தார். சிறப்பு விருந்தினர் பொன்னாடையை அவள் தோளில் ஈரத்துணியைக் கொடியில் போடுவதுபோலப் போட்டுவிட்டு, "முதல்லயே விசாரிக்கப்பிடாதா?" என்று எலியேசர் சாரிடம் கடுகடுத்தார். அது அவள் காதில் விழத்தான் சொன்னது. பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பாள். ஆனாலும் பேர் பொறித்த கேடயத்தை விடாமல் வாங்கிக்கொண்டுதான் இறங்கினாள்.

பஸ் ஸ்டாப்பில் பதினான்கு பேரும் அவளைச் சுற்றி நின்று என்ன பேசுவது என்று தெரியாமல் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். மணிராஜ் மட்டும் தள்ளி நின்றான். முகம் கடுத்திருந்தது.

"என்னலே, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? உனக்கும் வெக்கமாப் போச்சோ?"

"அதெல்லாம் இல்ல." கிட்டே வந்தான். "சார் உங்களை வாயை மட்டும் அசைக்கச் சொன்னாருல்லா. உங்க பையைக் கொடுக்கலாம்னு மேடை ஓரத்துக்கு வந்து உங்களுக்குப் பின்னாலதான் நின்னேன். கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"சரி, அதுக்கு?"

"நீங்க வாயை மட்டும் அசைச்சிருந்தா, இங்கன இருந்து நேரா கடைக்குத்தான் போயிருப்பேன். வீட்டுல இசக்கிச்செல்வி கேட்டா, அக்காவே பொய்ச் சத்தியம் பண்ணுதா, எனக்கு என்னன்னு சொல்லியிருப்பேன். அவளால பதில் பேச முடியாது. நாலு வாரமாத் தேடி இப்படி ஒரு சாக்கு ஆப்பிடலை." அவனுக்கு நிஜமாகவே ஆற்றாமையாக இருந்தது. "எல்லாத்தையும் கெடுத்துட்டீக."

ஆறுமுகத்தாய் நிழற்குடைக் கல்லில் அப்படியே உட்கார்ந்தாள். சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள், அழுகை வந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்போ செவ்வாய்க்கிழமை?"

"வேற என்ன செய்ய? வாரேன்" என்றான் மணிராஜ், எரிச்சலோடு.