அருவிக்குப் போகும் சின்னப் பாதை

அருவிக்கு மூன்று சின்னப் பாதைகள். எதில் போனாலும் மூச்சு வாங்குவதற்குள் தண்ணீர் கண்ணில் பட்டுவிடும். படிகளில் பாசி சுரண்டுவதும், ஓரத்து வாய்க்காலை அடைக்கும் இலையை வாருவதும் அண்ணன் தம்பி இருவரின் வேலை. போன மாதம் வேலைக்கு வந்த இடத்தில் தம்பி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். அதோடு சரி. அண்ணன் மறுவாரமே மண்வெட்டியும் கையுமாக வந்துவிட்டார். ஊரார் மெச்சினார்கள், நல்ல திடமனசு என்று. திடமாவது ஒன்றாவது! அழுகை வந்தால்தானே அழுவதற்கு? நெடுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மாதிரி நெஞ்சு மரத்துக் கிடந்தது.

இன்று தம்பி மனைவி வந்து நின்றாள்.

"அவரு விழுந்த இடத்தைக் காட்டுங்க மாமா."

அண்ணன் மண்வெட்டியைத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். தம்பி செத்தது வண்டி நிறுத்துமிடத்தில், கழிப்பறையின் பின்சுவர் ஓரம். ஆனால் சாவு வீட்டில் யாரோ ஒரு புண்ணியவான், அருவியைப் பார்த்தபடியே உயிர் போனதாகக் கிளப்பிவிட்டான். கேட்டவர்களெல்லாம் 'கொடுத்து வைத்தவன்' என்றார்கள். கழிப்பறை என்று திருத்திச் சொல்ல இவருக்கு நாக்கு எழவில்லை.

வழியெல்லாம் வேலையைப் பற்றியே பேசினார். "இங்க தண்ணி தேங்கும்மா, அதான் சரளை கொட்டியிருக்கோம்." அவள் உம் கொட்டிக்கொண்டே வந்தாள். அருவியின் முன்னால் கம்பித் தடுப்பு. சாரல் முகத்தில் அடித்தது.

"இங்கதான்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவள் தண்ணீரைப் பார்த்தாள். பிறகு அவர் காதருகே வந்து கத்தினாள்.

"இந்தச் சத்தம் அவருக்கு ஆகவே ஆகாது மாமா. தலைவலின்னு வந்து படுத்துப்பாரு. அன்னிக்குப் பாதிச் சாப்பாட்டோட டப்பா வீட்டுக்கு வந்துச்சே! இங்க நின்னுக்கிட்டா சாப்பிட்டாரு? எங்கிட்ட எதுக்கு மறைக்கிறீங்க?"

பொய் பிடிபட்டதற்கு வெட்கம்கூட வரவில்லை.

"கக்கூஸ் பின்னாடிம்மா."

அவள் முகம் சுளிக்கவில்லை. "அங்க இந்தச் சத்தம் கேக்குமா?"

"கேக்காது. சுவரு மறிச்சிரும்."

"அப்ப வாங்க, போவோம்."

சுவரோரம் நிழலாக இருந்தது. பினாயில் வாடை அடித்தது, எங்கோ குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து முதுகைச் சாய்த்தாள். முந்தானையால் முகத்துச் சாரலைத் துடைத்துக்கொண்டாள்.

"காத்து நல்லா வருது. நிம்மதியா உக்காந்துதான் சாப்பிட்டிருக்காரு. இதைச் சொல்றதுக்கு என்ன மாமா?"

அதற்குள் காரிலிருந்து இறங்கிய ஒரு குடும்பம் அவரிடம் வந்தது. "அண்ணே, அருவிக்கு எந்தப் பாதை கிட்ட?"

வேலையில் சேர்ந்த நாளிலிருந்து தூக்கத்தில்கூடப் பதில் சொல்லக்கூடிய கேள்வி. வாயைத் திறந்தார். பதில் வரவில்லை. அடிவயிற்றிலிருந்து வேறு என்னவோ கேவலாகக் கிளம்பி வந்தது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். வந்தவர்கள் திருதிருவென்று விழித்தார்கள்.

அவள்தான் உட்கார்ந்தபடியே கையை நீட்டினாள். "இடது பக்கம் போங்க. கிட்டதான்."

அவர்கள் போனதும், சுவரோரம் கொஞ்சம் நகர்ந்து அவர் உட்கார இடம் விட்டாள்.