நூற்று ஒன்பதாம் பக்கத்தில் ஓர் ஒற்று

எங்கள் ஊரில் ஒரு நாவல் வெளிவருவதற்கு முன்பே அதற்குள் இருப்பவர்கள் வந்து இறங்கிவிடுவார்கள். மாதத்தின் முதல் தேதி நூலகத்து வாசலில் ‘இந்த மாதம் எதிர்பார்க்கப்படும் மாய, மர்ம நாவல்கள்’ என்று பட்டியல் ஒட்டுவார்கள். மறுநாள் காலை எட்டரை மணிப் பேருந்தில் அவர்கள் பெட்டி படுக்கையோடு வருவார்கள். புத்தகம் அச்சாகி முடியும்வரை தங்குவதற்கு இடம் வேண்டுமே.

மாயக்கதைக்காரர்களுக்கு வீடு கிடைப்பது கஷ்டம். போன மாதம் லாட்ஜில் தங்கிய ஓர் இளவரசர் சுவர் வழியாகவே போய் வந்துகொண்டிருந்தார். பக்கத்து அறைக்காரர்களால் நிம்மதியாகத் துணி மாற்ற முடியவில்லை. பறக்கும் குதிரையைச் சைக்கிள் ஸ்டாண்டில் விட்டால் டோக்கனை எங்கே மாட்டுவது என்று அங்கேயும் ஒரு தகராறு. மர்மக்கதைக்காரர்கள் என்றால் யார் வேண்டுமானாலும் வீடு கொடுப்பார்கள். சத்தம் போட மாட்டார்கள். தடயம் இருக்கக் கூடாது என்பதால் தரையைத் துடைத்துத் துடைத்து வைப்பார்கள்.

நான் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவள். பெயர் செல்வக்கனி. இருபத்திரண்டு வருஷமாக ஒரே நாற்காலி, ஒரே சிவப்புப் பேனா. பேனாவில் ரீஃபில் மட்டும் மாற்றுவேன். ஒற்றுப் பிழை விடுகிறவர்களை நான் மன்னிப்பதில்லை. கல்யாணப் பத்திரிகையில் ‘வாழ்த்து கூற’ என்று போட்டிருந்தால் அந்தக் கல்யாணத்துக்குப் போக மாட்டேன். சொந்தத் தம்பி கல்யாணத்துக்கே போகவில்லை. அவன் இன்னும் என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும், அவன் பேச்சிலும் ஒற்று இருக்காது.

அந்த மாதப் பட்டியலில் மாயக்கதை மூன்று, மர்மக்கதை ஒன்று. மர்மக்கதையின் பெயர் ‘ஈரமான சாவி’. அதில் வருகிற பெண் என் வீட்டு மாடிக்குக் குடி வந்தாள். நிரஞ்சனா என்று பெயர். நாவலில் இருக்கிறவர்களுக்குத்தான் இப்படிப் பெயர் அமையும். எங்கள் தெருவில் முத்துக்கனி, மாரிக்கனி, பழக்கனி, அப்புறம் நான்.

“நூத்தி ஒம்பதாம் பக்கம் வரைக்கும்தான்க்கா. அதுக்கு மேல இருக்க மாட்டேன்” என்றாள்.

“ஊருக்குப் போறியா?”

“இல்லக்கா. கொலை.”

“சரி. தண்ணி அஞ்சு நாளைக்கு ஒரு தடவைதான் வரும். பிடிச்சு வெச்சுக்கணும்” என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தேன்.

அச்சகத்து நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். பதினாறு பக்கம் சேர்ந்தால் ஒரு ஃபாரம். ‘ஈரமான சாவி’ மொத்தம் பதிமூன்று ஃபாரம். ஒரு நாளைக்கு ஒரு ஃபாரம் ஓடும். எந்த ஃபாரம் ஓடுகிறதோ அதில் இருப்பது அன்றைக்கு ஊரில் நடக்கும். எழுத்தாளர் வெளியூரில் இருப்பார். அவருக்கு இதெல்லாம் சொல்லி அனுப்புகிற வழக்கமில்லை. ஃபாரம் மிஷினுக்குப் போவதற்கு முதல் நாள் என் மேஜைக்கு வரும். நூற்று ஒன்பதாம் பக்கம் ஏழாவது ஃபாரத்தில் இருந்தது.

கொலை செய்யப்போகிறவர் அமர் என்பவர். நாவலில் அவன் இவன் என்று எழுதியிருந்தாலும் நேரில் அவர் இவர் என்றுதானே சொல்ல வருகிறது. லாட்ஜில் தங்கியிருந்தார். மெஸ்ஸில் மோர் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். நிரஞ்சனாவை வழியில் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்கி, “சாப்பிட்டீங்களா?” என்று கேட்பார். அவளும் பதில் சொல்லுவாள்.

எனக்கு எரிச்சல் அவர் மேல் இல்லை. நூலகத்தில் முன்பதிவு செய்தவர்கள் மேல்தான். முந்நூறு பேர். முதல் பெயர் ஓய்வுபெற்ற டீச்சர் அன்னத்தாய். தினமும் யாராவது எங்கள் தெருவுக்கு வந்து மாடியை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அன்னத்தாய் டீச்சர் ஒரு நாள் முறுக்குச் சுட்டுக்கொண்டு படியேறியே வந்துவிட்டார். நிரஞ்சனாவின் கன்னத்தைத் தொட்டு, “பாவம், எவ்வளவு சின்னப் பொண்ணு” என்றார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. அதே மூச்சில், “எப்படினு மட்டும் சொல்லிராதம்மா. தெரிஞ்சு போச்சுன்னா படிக்கிறப்ப சப்புனு ஆயிரும்” என்றார்.

டீச்சர் போனபிறகு நிரஞ்சனா முறுக்கை எண்ணெய் போகத் தாளில் ஒற்றி எடுத்துக்கொண்டே, “எல்லாரும் என்னை நினைச்சு வருத்தப்படுறாங்கக்கா. ஆனா நான் பிழைச்சிட்டா அதைவிட வருத்தப்படுவாங்க போல” என்றாள்.

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் கோபம் வந்தது. வாசகர்களைப் பற்றி நான் அதுவரை யோசித்ததே இல்லை. புத்தகம் என்றால் எழுத்து, வரி, பக்கம், அவ்வளவுதான். அவர்கள் ஒரு மாதமாக ஆசை ஆசையாக எதிர்பார்ப்பது மாடியில் துணி காயப்போடுகிற இந்தப் பெண்ணின் சாவைத்தான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

ஆறாவது ஃபாரம் ஓடிய அன்று காலையில் அவள் கீழே வந்தாள். “ஒண்ணு கேக்கட்டுமாக்கா? நூத்திப் பத்தாம் பக்கத்துல மழையா வெயிலா? அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்க” என்றாள்.

மத்தியானம் ஏழாவது ஃபாரம் என் மேஜைக்கு வந்தது. முதலில் நூற்றுப் பத்தாம் பக்கத்தைத்தான் எடுத்தேன். மழை. முதல் மூன்று வரியும் மழை. எங்கள் ஊர் மழை பார்த்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

பிறகு நூற்று ஒன்பதைப் பார்த்தேன். பதினான்காவது வரியிலிருந்து இப்படி இருந்தது: ‘கதவு திறந்திருந்தது. அமர் கத்தி கொண்டு வந்தான். நிரஞ்சனா திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சமையலறைத் தரை சிவந்திருந்தது.’

பிழை எதுவும் இல்லை. எழுத்தாளருக்கு ஒற்று தெரிந்திருந்தது. அரிதாகத்தான் அப்படி ஒருவர் அமைவார். நான் பேனாவை எடுத்தேன், வைத்தேன், எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து ‘கத்தி’க்கும் ‘கொண்டு’க்கும் நடுவில் ஒரு ‘க்’ போட்டேன். இடைவெளியை மூடச் சொல்லி மேலும் கீழும் வளைவுக் கோடு இழுத்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் நானாகப் போட்ட முதல் பிழை அது. வளைவு கொஞ்சம் கோணலாக விழுந்தது.

மறுநாள் பதினொரு மணிக்கு அமர் கத்திக்கொண்டு வந்தார். என்ன கத்துவது என்று பக்கத்தில் போடவில்லை. அதனால் அவருக்குத் தோன்றியதைக் கத்தினார். “தண்ணி வந்துருச்சு, தண்ணி வந்துருச்சு” என்று தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்ததில் தெருவே குடத்தோடு வெளியே வந்துவிட்டது. அவர் படியேறிச் சமையலறைக்குள் நுழைந்தார். அலறல் கேட்டு நிரஞ்சனா மிளகாய்த்தூள் டப்பாவைக் கீழே போட்டாள். தரை சிவந்தது. அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் கத்தி முடித்துவிட்டார். இரண்டு பேரும் தும்மினார்கள். பிறகு மழை வந்தது. அவள் மொட்டை மாடியில் நனைந்துகொண்டு நிற்பதை அச்சகத்து ஜன்னலிலிருந்து பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு எப்போது வந்தது என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

எட்டாவது ஃபாரத்தில் ‘நிரஞ்சனாவின் உடல் சமையலறையில் கிடந்தது’ என்று இருந்தது. கிடந்தாள். பாய் விரித்துக்கொண்டாள். துப்பறிவாளர் தணிகைநாதன் வந்து அவளைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டார். “உங்களைக் கொன்னது யாரும்மா?” என்று கேட்டார். “யாரும் இல்லைங்க சார்” என்றாள். அவர் அதைக் குறித்துக்கொண்டார். ஒன்பது, பத்து, பதினொன்று என்று ஃபாரம் ஓட ஓட, அவரும் ஊரெல்லாம் விசாரித்தார். எல்லாரும் தண்ணீர் வந்துவிட்டது என்று கேட்டதாகத்தான் சாட்சி சொன்னார்கள். பாவம், மனுஷன் இளைத்தே போனார்.

பன்னிரண்டாவது ஃபாரம் ஓடிய அன்று முன்பதிவு செய்தவர்கள் அச்சகத்துக்கு வந்துவிட்டார்கள். அன்னத்தாய் டீச்சர்தான் பேசினார். “கொலையே இல்லாம என்ன மர்ம நாவல்? ஒரு மாசமா எதிர்பார்த்துக்கிட்டு இருக்கோம்” என்றார். குரல் உடைந்துவிட்டது. அவருடைய வருத்தமும் உண்மையானதுதான். எதிர்பார்க்க வேறு எதுவும் இல்லாதவர்கள் எங்கள் ஊரில் அதிகம்.

முதலாளி சவுந்தரபாண்டி பழைய புரூஃபை எடுத்து நூற்று ஒன்பதாம் பக்கத்தைப் பார்த்தார். என் வளைவுக் கோட்டையும் பார்த்தார். அவர் கோபப்படவில்லை.

“ஒரு ஒற்றுதானே தாயி. கடைசி ஃபாரத்துல ஒரு பக்கம் காலியாத்தான் இருக்கு. பிழை திருத்தம் போட்டுருவோம்” என்றார்.

அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவர் சொன்னது சரி. பிழை என்றால் திருத்தம் போடத்தான் வேண்டும். அந்தப் பக்கத்தை நானே எழுதித் தருவதாகச் சொன்னேன்.

சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். முதல் வரியை எழுத ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை: ‘பக்கம் 109, வரி 14: கத்திக்கொண்டு என்பதைக் கத்தி கொண்டு எனப் படிக்கவும்.’ அதை எழுதாமல் விட்டால் நான் புரூஃப் பார்க்கிறவள் இல்லை. எழுதிவிட்டு அப்படியே விட்டால் நான் மனுஷியே இல்லை. வெகுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இரண்டாவது வரியை எழுதினேன்: ‘இப்பக்கம் முதல் நிரஞ்சனா என வரும் இடங்களிலெல்லாம் செல்வக்கனி எனப் படிக்கவும்.’ முதல் நூற்றெட்டுப் பக்கம் அவளுடையது. அதை நான் தொடவில்லை.

அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். படித்துவிட்டு அழுதாள்.

“வேண்டாம்க்கா. இன்னொரு பிழை போட்டுரலாம்க்கா” என்றாள்.

“ஒரு பிழைக்கே ஆறு நாளா எனக்குத் தூக்கம் இல்ல. போய் முகத்தைக் கழுவு” என்றேன்.

எனக்குப் பயமாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவளுக்கு இருபத்தாறு வயது, மழை என்றால் மாடிக்கு ஓடுகிறாள். எனக்கு மழை என்றால் தாள் நமத்துப்போகுமே என்ற கவலைதான். அதையும் நினைத்துப் பார்த்தேன்.

மறுநாள் காலை முதலாளி பக்கத்தை வாங்கிப் பார்த்தார்.

“உங்க பேரா இருக்கே தாயி.”

“ஆமா முதலாளி.”

“ஒற்றெல்லாம் சரியா இருக்குல்ல?”

“சரியா இருக்கு.”

கையெழுத்துப் போட்டு மிஷினுக்கு அனுப்பினார். நான் நிரஞ்சனாவை என் நாற்காலியில் உட்காரவைத்துச் சிவப்புப் பேனாவைக் கொடுத்தேன். அடுத்த மாதத்து மாயக்கதையின் முதல் ஃபாரம் மேஜையில் இருந்தது. மூன்றாவது வரியிலேயே ஒரு ‘த்’ விட்டுப்போயிருந்தது. நான் சொல்வதற்குள் அவளே வட்டம் போட்டாள்.

பதினொரு மணிக்கு நான் வீட்டுக்கு வந்தபோது கூடம் நிறைந்திருந்தது. அன்னத்தாய் டீச்சர் முன் வரிசையில் இருந்தார். முன்பதிவு வரிசைப்படி உட்காரவேண்டும் என்று அவரே எல்லாரையும் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். மாடியிலிருந்த நாலு நாற்காலியையும் இறக்கியும் போதவில்லை. சிலர் ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள். வந்தவர்களைச் சும்மா உட்காரவைக்க முடியுமா, காபி போட்டேன். சர்க்கரை கம்மியாகக் கேட்டவர்களுக்குத் தனியாகக் கலந்தேன். தணிகைநாதன் சாரும் வந்திருந்தார். அவர் முகம் தெளிந்திருந்தது. என் உயரத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

“செல்வி, இப்படிக் கொஞ்சம் தள்ளி நில்லும்மா. பின்னாடி இருக்கிறவங்களுக்கு மறைக்குது” என்றார் டீச்சர்.

தள்ளி நின்றேன். பாலை மறுபடி அடுப்பில் வைத்தேன். கதவு திறந்திருந்தது. கூடத்தில் பேச்சு அடங்கியது.

“அக்கா” என்று வாசலிலிருந்து அமரின் குரல் கேட்டது. “செருப்பை வெளியிலேயே விட்டுறவா?”

“உள்ள எடுத்துட்டு வந்துருங்க. வெளியில கிடந்தா நாய் தூக்கிட்டுப் போயிரும்” என்று சொன்னேன். பால் பொங்கி வந்தது. அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பாமல் நின்றேன்.