டார்ச் பிடிச்சவர்

சாயங்காலம் ஏழு மணிக்குக் கிள்ளான்ல என் அக்கா மக தாமரையோட ரிசெப்ஷன். மாப்பிள்ளை வீட்டுல ஸ்டூடியோ ஆளை வச்சு வீடியோ போடுறோம்னு சொன்னப்ப, தங்கமணி அக்கா, "எதுக்கு? என் தங்கச்சி உஷா செய்வா"ன்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டா. தாமரை தவழ்ந்ததுல இருந்து பட்டம் வாங்கினது வரைக்கும் பன்னிரண்டு நிமிஷப் படம். அன்னிக்குக் காலையில பதினோரு மணிக்கும் அது என் கம்ப்யூட்டருக்குள்ளயே மாட்டிக்கிட்டுக் கிடந்துச்சு.

வெட்டி ஒட்டினதை ஒரே படமாக்க ரெண்டர் பண்ண விட்டா பத்தே நிமிஷம், சூடேறிப் பட்டுன்னு அணைஞ்சிடும். மூணு நாளா இதே கூத்து. பிரிக்பீல்ட்ஸ் கம்ப்யூட்டர் கடை பாஸ் பார்த்துட்டு, "பழைய கூலர் தாங்காது லா அக்கா, பெருசா மாத்துங்க"ன்னு சூட்டைத் தணிக்கிற ஃபேனும் தகடும் சேர்ந்த புதுக் கூலர் பெட்டி ஒண்ணைக் கொடுத்தாரு. மாட்டித் தர நாளைக்குத்தான் ஆள் வருமாம். நாளைக்கு வந்து யாருக்கு என்ன புண்ணியம்? நானே மாட்டிக்கிறேன்னு வந்துட்டேன்.

செந்தூல் பிளாட்டுல ஹால் தரையில உட்கார்ந்தேன். ஸ்க்ரூடிரைவர் என் கையில, டார்ச் என் வீட்டுக்காரர் பரமேஸ்வரன் கையில. அவருக்கு டார்ச்தான் கொடுப்பேன். ஒரு தடவை குழாய் மாத்துறேன்னு கீழ் வீட்டு சீலிங்கையே நனைச்ச ஆளு. 'இவரு கை வச்சா உருப்படுமா'ன்னு முகத்துக்கு நேராவே சொல்வேன், சொந்தக்காரங்க முன்னாலயும் சொல்வேன்.

என் கை வேலை சுத்தமா இருக்கும். வாங்கின பொருள் வாங்கின மாதிரியே இருக்கணும் எனக்கு. சோபாவுல மூணு வருஷமா கடை பிளாஸ்டிக்தான், கார் சீட்டுலயும் அப்படித்தான்.

பழைய கூலரைக் கழட்டி, சிப்பு மேல காஞ்சு கிடந்த, சூடு கடத்துற பேஸ்ட்டைத் துடைச்சேன். புதுப் பேஸ்ட்டு பட்டாணி அளவு வச்சேன். புதுக் கூலர் ஒரு கிலோ இருக்கும், தகடு தகடா. அதைத் தூக்கி வைக்கிறப்ப இவரு, "உஷா, அடியில என்னமோ..."ன்னாரு.

"அடியும் வேணாம் நுனியும் வேணாம். டார்ச்சை நேராப் பிடிங்க."

நேராப் பிடிச்சாரு.

கம்ப்யூட்டரைப் போட்டதும் ஃபேன் அழகா சுத்துச்சு. ஆனா சூடு எண்பது, தொண்ணூறு, தொண்ணூத்தெட்டுன்னு ஏறி, மறுபடியும் அணைஞ்சிடுச்சு. திருகை இறுக்கினேன். அதே கதை. நீங்க வெளிச்சத்தை ஆட்டினதுலதான் கோணலாப் போச்சுன்னு கத்தினேன். மணி ரெண்டரை. ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்துக்கிட்டே இருந்தேன். அக்கா மூணு தடவை கூப்பிட்டா, நான் எடுக்கல. அக்கா மானம் என் கையில இருக்கு, எடுத்து என்னன்னு சொல்றது?

திரும்பிப் பார்த்தா இவரு கூலரைக் கழட்டிக் கவிழ்த்து வச்சு, நகத்தால ஓரத்தைச் சுரண்டிக்கிட்டிருக்காரு. மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் உரிஞ்சு வந்துச்சு. மாட்டுறதுக்கு முன்னால எடுக்கணும்னு அதுலயே சிவப்பா எழுதியிருந்துச்சு. அது நடுவுல இருந்தா சிப்போட சூடு கூலருக்கு ஏறாது. நான் அதைப் பார்க்கலையா, இல்ல பார்த்துட்டுப் புதுசுதானே, கீறல் விழ வேணாம்னு விட்டுட்டேனா, இன்னிக்கும் சொல்லத் தெரியல. அவரு அதை ஓரமா வச்சுட்டு மறுபடி டார்ச்சை எடுத்துக்கிட்டாரு. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல.

துடைச்சுட்டு மறுபடி பேஸ்ட்டு வச்சு மாட்டினோம். சூடு அறுபத்தஞ்சைத் தாண்டல. அஞ்சே முக்காலுக்குப் படம் முடிஞ்சுச்சு. ஜாம்ல ஊர்ந்து, மண்டபம் போய்ச் சேர ஏழே முக்கால்.

அக்கா வாசல்லயே நின்னா. "ஏன்டி இவ்வளவு நேரம்? சம்பந்தி மூணு தடவை கேட்டுட்டாங்க."

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள இவரு, "என் தப்புக்கா. கூலர் அடியில இருந்த பிளாஸ்டிக்கை உரிக்காம மாட்டிட்டேன்"னாரு.

அக்கா என்னைப் பார்த்துச் சிரிச்சா. "இவரு கை வச்சா உருப்படுமா?"

என் வார்த்தை. என் ராகம்கூட அப்படியே. இவரும் கூடச் சிரிச்சாரு. எனக்கு அவமானமா இருந்துச்சு.

படம் நல்லா ஓடுச்சு. சம்பந்தியம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "எந்த ஸ்டூடியோவும் இப்படிச் செய்யாது, கைராசிக்காரிம்மா நீ"ன்னாங்க. அக்கா பக்கத்துலதான் நின்னா. அந்தத் தப்பு என்னோடதுன்னு சொல்லியிருக்கலாம். காலையில இருந்து மூடாத வாய், அப்பப் பார்த்து மூடிக்கிச்சு. இவரு பின்னால சுவரோரமா நின்னு கை தட்டிக்கிட்டிருந்தாரு.