முகமும் பெயரும் ஊரும்

நான் அச்சடித்த பதாகையில் முகம் தெளிவில்லை என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. புலம்பெயர்ந்து வந்து, அஜின்கோர்ட்டில் பதினாலு வருடமாக அச்சுக்கடை வைத்திருக்கிறேன். பெரியபிள்ளையானால் சாமத்தியவீடு, தேவாலயத்தில் முதல்நன்மை, செத்தவருக்கு அந்தியேட்டி, யுத்தத்தில் இறந்தவர்களுக்கு மே பதினெட்டு எதுவானாலும் இந்தக் கிளடிஸிடம்தான் வருவார்கள். வந்த படம் ஒன்றையும் நான் அழிப்பதில்லை. நாளைக்கு ஒரு சாவு விழுந்தால், நல்ல படம் இல்லையே என்று இங்கேதானே ஓடிவருவார்கள்.

ஸைனப் அதே பிளாசாவில் பல்வைத்தியரிடம் வரவேற்பில் இருப்பவள். ஈராக்கில் பஸ்ராவுக்குப் பக்கத்து ஊர்க்காரி. அங்கே வெயில் ஐம்பது பாகையைத் தொடும்போது கரண்ட் இல்லை, குழாயில் வருவது உப்புத்தண்ணீர், ஆஸ்பத்திரியில் சேலைன்கூட இல்லை. சனம் இரண்டு மாதமாகத் தெருவில் நிற்கிறது. அவளுடைய தம்பி ஹைதர் மின்சாரக் கந்தோரில் இன்ஜினியர். எந்தத் தெரு இருட்டில் கிடக்கிறது, எந்தப் பெரிய மனிதர் வீட்டில் இரவுபகலாக ஏ.சி. ஓடுகிறது என்ற பட்டியலை ஊர்வலத்தில் ஒலிபெருக்கியில் வாசித்தவன் அவன்தான். அன்றிலிருந்து அவன் வீட்டில் இல்லை என்று சொல்லிவிட்டு ஸைனப் என் மேசையில் தலையை வைத்து அழுதாள்.

வீட்டில் இல்லை என்றால் எங்கள் சனத்துக்கு ஒரே அர்த்தம்தான், ஆளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். என் தம்பி யூட்சனும் யுத்தம் முடிந்த இரண்டாயிரத்தொன்பதிலிருந்து வீட்டில் இல்லை. கேட்டால் அவளுக்கு நோகும் என்று நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் டவுன்டவுனில் அவர்களுடைய ஆட்கள் கூடுவதாக இருந்தது. பதாகைக்கென்று அவள் தந்தது பின்பக்கமிருந்து எடுத்த ஊர்வலப் படம். முழுக்க முதுகுகள். மேலே தண்ணீர், மின்சாரம், மருந்து என்று மூன்று சொற்கள். முதுகுகளைப் பார்த்து யாருக்கு மனம் இரங்கும்? காணாமல் போனவர்களுக்காக எங்கள் ஆட்கள் பிடிக்கிற பதாகையில் முதலில் முகம், கீழே முழுப்பெயர், அதற்கும் கீழே ஊர். இந்தப் பிள்ளைக்கு இது தெரியவில்லையே என்று பரிதாபப்பட்டேன். போன வருடம் அவளுக்கு அடித்துக் கொடுத்த ஹைதரின் பழைய கல்யாணப்படம் கம்ப்யூட்டரில் கிடந்தது. முகத்தை மட்டும் வெட்டி ஆறடிக்குப் பெருப்பித்து, பெயர், ஊர், வேலை எல்லாம் ஆங்கிலத்தில் போட்டேன். பார்த்ததும் என்னைக் கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை பத்துமணிக்கு வந்தாள். நானே பெருமையாகத் தரையில் விரித்துக் காட்டினேன். அவள் ஓடிப்போய்க் கடைக்கதவைப் பூட்டினாள்.

"யார் யார் இதைப் பார்த்தார்கள்?"

எங்களுக்குள் ஆங்கிலம்தான். அந்த ஆங்கிலத்திலும் துண்டு துண்டாகத்தான் சொன்னாள். ஹைதர் காணாமல் போகவில்லை, ஒளிந்திருக்கிறான். பட்டியல் வாசித்தபோது துணியால் முகத்தை மூடியிருந்தான். அந்தப் பெரிய மனிதர்களின் ஆயுதக்காரரிடம் இருப்பது வெறும் குரல்தான், இன்னும் ஆளைத் தெரியாது. மகளுக்குக் காய்ச்சல் என்பதால் இந்த நாலு நாளும் மனைவியின் தாய்வீட்டில் பதுங்கியிருக்கிறான்.

நான் மட்டும்தான் பார்த்தேன் என்று சொல்லி, பிளேட்டை எடுத்து அந்த முகத்தை நாலாகக் கிழித்தேன். ஸைனப் சுவரில் சாய்ந்து மூச்சு விட்டாள்.

அப்போதுதான் பின்னால் கம்ப்யூட்டருக்கு முன் இருந்த என் மகள் ஸ்டெபனி எழுந்தாள்.

"அம்மா, நேற்றுப் பின்னேரமே எங்கட கடைப் பேஜில படத்தைப் போட்டிட்டன். ஜொப் முடிஞ்ச உடன போடச் சொன்னது நீங்கள்தானே."

ஓம், நான்தான் சொன்னேன். கடைக்கு விளம்பரம். நேர்த்தியான வேலை என்றால் சனம் பகிரும் என்று நான்தான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். பகிர்ந்தும் இருந்தார்கள், இருநூறுக்கு மேல். கீழே அரபியில் ஒரு வரி. ஸ்டெபனி அதற்கு இதயக்குறி வேறு போட்டிருந்தாள். ஸைனப் திரையில் குனிந்து அதை வாசித்துவிட்டு, எனக்கு மெதுவாகச் சொன்னாள்.

"இவனுடைய வீடு எந்தத் தெருவில் என்று கேட்கிறார்கள்."

ஸ்டெபனி எங்கள் பதிவை அழித்தாள். மற்றவர்கள் எடுத்துப் போட்ட படங்களை என்ன செய்ய முடியும்? ஸைனப் தம்பிக்கு அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அழைத்தாள், எடுக்கவில்லை. வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். அந்தியேட்டி அட்டை எடுக்க வந்த இரத்தினவேல் அண்ணை கண்ணாடிக்கு வெளியே கையசைத்தார். மூவரும் அசையவில்லை. என் தம்பியைத் தேடிய நாட்களில்கூட நான் இப்படி வேண்டியதில்லை, அவ்வளவு வேண்டினேன்.

நாலாவது தடவை யாரோ எடுத்தார்கள். ஸைனப் அரபியில் பேசினாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் போனை மேசையில் வைத்தாள்.

உயிரோடு இருக்கிறானாம். விடியவே கூட்டாளி ஒருவன் படத்தைக் காட்ட, கூரைவழியாக இறங்கி ஓடிவிட்டான். போன் இருந்தால் பிடித்துவிடுவார்கள் என்று மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். எடுத்துப் பேசியது அவள். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு ஆயுதக்காரர் வந்து அந்தத் தாய்வீட்டைக் கிளறியிருக்கிறார்கள்.

"இப்ப எங்கே நிற்கிறான்?" என்று கேட்டேன்.

"அவளுக்குத் தெரியாது. எனக்கும் இனித் தெரியாது."

முதுகுகள் மட்டும் உள்ள பதாகையை அடித்துச் சுருட்டிக் கொடுத்தேன். என்னை நிமிர்ந்து பாராமல் வாங்கிக்கொண்டு போனாள். தம்பி எங்கே என்று யார் கேட்டாலும் தெரியாது என்று பதினாறு வருடமாகச் சொல்லி வருகிறவள் நான். அந்தச் சொல்லை இன்னொரு அக்காவின் வாயில் நானே வைத்துவிட்டேன்.