இழுக்காத நூல்

ரோஜாக் கட்டுக்கு இறுக்கி ரப்பர் மாட்டுவதில் முனிலட்சுமியை மிஞ்ச ஓசூர்ப் பக்கத்தில் ஆளில்லை. அந்தக் கைதான் அவளுக்கு வினையாக வந்தது.

அவள் நாத்தனார் அனிதாவும் அவளோடு பூக்கம்பெனிக் குளிர் அறையில் வேலை பார்த்தவள். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றியதில் முடியெல்லாம் கொட்டிப்போயிற்று. திங்கட்கிழமை திரும்பிப் போகாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

"மொட்டத் தலையோட போமாட்டன் அண்ணி. துண்டு கட்டுனா குனியறப்ப அவுந்து வுழுது."

"நான் குல்லா பின்னித் தர்றன்" என்று வாய் கொடுத்துவிட்டாள் முனிலட்சுமி. பின்னத்தான் தெரியாது.

பக்கத்து மேசை ஜைபாவுக்குத் தெரியும். நூலையும் அவளே கொண்டுவந்தாள். ஒன்று, அஞ்செட்டிப் பக்கம் ஆடு மேய்க்கிறவர்கள் கையால் நூற்ற சாம்பல் கம்பளி. தடித்தும் மெலிந்தும் ஓடும், ஆட்டு வாசம் போகாது. இன்னொன்று கடை உல்லன். ஒரே நூலில் சிவப்பு ரோஸாகும், ரோஸ் ஊதாவாகும், ஊதா சாம்பலாகி மறுபடி சிவக்கும்.

"சாம்பல்ல தரை, இதுல பூவு. ஒண்ணுல கண்ணி போடறப்ப இன்னொண்ணு பின்னாடி சும்மா ஓடும். அத இழுக்காதக்கா."

கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து பின்னினாள். வெளியே பனி. ஊசி நகர நகர நிறம் தானாக மாறியது, கெலவரப்பள்ளி அணைத் தண்ணீரில் விடியல் கரைகிற மாதிரி. கண் சொக்கும், கை நிற்காது. பஸ்ஸே ஏதோ கம்பளிக்குள் மெல்ல நுழைந்து போவதாகத் தோன்றும். அடுத்தது என்ன நிறம் என்று பார்க்கவே விழித்துக்கொள்வாள்.

குல்லா முடிந்தது. அனிதா மாட்டிப் பார்த்தாள். உச்சந்தலையிலேயே கிண்ணம்போல நின்றுவிட்டது.

"தேங்காய்க்குப் பின்னுனீங்களா அண்ணி?" சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "வுடுங்க. நான் வேலைக்குப் போவல."

மறுநாள் கம்பெனியில் ஜைபா குல்லாவின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். "ரோஜாவுக்கு ரப்பர் போடற மாதிரி இழுத்து வெச்சிருக்கியேக்கா! நூலு மூச்சு வுட வேணாமா?"

வீட்டுக்கு வந்ததும் முனிலட்சுமி அதைப் பிரித்தாள். அனிதா இரண்டு கையையும் நீட்டினாள். சுருள் சுருளாக வந்த நூலை அதில் சுற்றினாள். மறுபடி தொடங்கினாள். கை இழுக்கும்போதெல்லாம் அனிதா, "மூச்சு, அண்ணி, மூச்சு" என்பாள். கடைசிப் பூவுக்கு வந்தபோது உல்லன் சாம்பலாகிவிட்டது. சாம்பல் தரையில் சாம்பல் பூ; இருக்கிற இடமே தெரியவில்லை.

"பிரிச்சுரட்டா?"

"வேணாம். அது பனிக்குள்ள இருக்குது."

திங்கட்கிழமை குல்லா அனிதாவின் காதுக்குக் கீழே வரை இறங்கி உட்கார்ந்திருந்தது. அவள் குனிந்தாள், நிமிர்ந்தாள், குல்லா அசையவில்லை. முனிலட்சுமி அதையே பார்த்துக்கொண்டு கட்டுப் போட்டாள். தூக்கியதும் ரோஜா பொலபொலவென்று தரையில் சரிந்தது.

"யாரும்மா இவ்ளோ லூசா கட்டுனது?" என்று சூப்பர்வைசர் கத்தினார்.

"எங்க அண்ணிதான் சார்" என்றாள் அனிதா, பூவைப் பொறுக்கக் குனிந்துகொண்டே.