பதினைந்தாவது ஆள்

1

இந்தக் கதை ஒரு கோப்பைக் காப்பியில் பிறந்தது. எப்படி என்பதை மூன்றாம் பகுதியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் என்மேல் உங்களுக்கு இருக்கும் கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விடும்.

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன். ‘அயோவாவின் ஜனவரிக் குளிர் எலும்பை...’ அடித்துவிட்டேன். குளிரில் தொடங்காத அயோவாக் கதை ஒன்றாவது இருக்கட்டும். ‘வரலாறு அன்று வாட்டர்லூ பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்துக்கு...’ சீ. வெர்லீன் அங்கே வரலாற்றுக்காகப் போகவில்லை. ஒளிந்துகொள்ளப் போனாள்.

2

அமெரிக்காவில் எங்கள் கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்று அந்த வருஷம் இரண்டு பேர் முட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் பெண், இன்னொருவர் கறுப்பினத்தவர். யார் ஜெயித்தாலும் நாடு அதுவரை காணாதது. வெர்லீன் கறுப்பினப் பெண். [இதை அரைப்பக்கம் விளக்கியிருந்தேன். அவளுக்கே பிடிக்காது என்று நீக்கிவிட்டேன்.]

அவள் புருஷன் கார்னெலின் அப்பாவைக் கறுப்பர் என்பதால் மிசிசிப்பியில் ஓட்டுப் போட விடாமல் வாசலிலேயே விரட்டியிருக்கிறார்கள். தோழி மார்லிஸ் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளோடு இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவள். மேற்பார்வை வேலை காலியான ஆறு தடவையும் அது ஆம்பிளைகளுக்கே போனதை வெர்லீனோடு சேர்ந்து பார்த்தவள். மூன்று வாரமாக, அவன் கறுப்பின வேட்பாளர் பக்கமும் இவள் பெண் வேட்பாளர் பக்கமும் இழுத்து, இரண்டு பேரும் வெர்லீனைப் பிய்த்தெடுத்துவிட்டார்கள்.

“எங்கப்பா மட்டும் இன்னிக்கு இருந்திருந்தா...” என்பான் கார்னெல், ராத்திரிச் சாப்பாட்டில்.

“அவர இழுக்காத. சாப்பிடு.”

எங்கள் ஊரில் இதற்கு வாக்குச்சீட்டு கிடையாது. அக்கம்பக்கத்தார் கூடி, அவரவர் ஆளுடைய மூலையில் போய் நிற்கவேண்டும். எல்லார் கண்ணும் பார்க்கும். அதனால் வெர்லீன் மூன்றாவது மூலைக்குப் போனாள். யாருக்கும் பெரிதாகப் பிடிக்காத, யாரும் வெறுக்காத, மூன்றாவதாகப் போட்டியிட்ட ஒரு மாநில ஆளுநரின் மூலை.*

* நானும் அங்கேதான் நின்றேன். கொள்கைப் பிடிப்பு என்று எழுத ஆசைதான்.

3

வந்தவர்கள் தொண்ணூற்று நான்கு பேர். ஒரு மூலையில் பதினைந்து பேராவது இல்லாவிட்டால் அது கலைய வேண்டும். நாங்கள் சரியாகப் பதினைந்து பேர். தலை எண்ணும்போது நான் காப்பி மேசைக்குப் போய்க் கோப்பையை நிரப்பிக்கொண்டிருந்தேன்.

பதினான்கு.

கலைந்தோம். ஆளுக்கொரு பக்கம் போனபின் பெண் வேட்பாளரின் மூலையில் நாற்பத்தேழு, எதிர்மூலையில் நாற்பத்தாறு. நடுவில், கூடைப்பந்துக் கோட்டின்மேல் வெர்லீன் ஒருத்தி. ஓர் அடி எடுத்துவைத்தால் ஒருவரை இழந்துவிடுவோம் என்று நிஜமாகவே பயந்தாள்.

4

[முடிவு அ: புருஷனிடம் போகிறாள், சமம், காசைச் சுண்டுகிறார்கள். விதி அதுதான். ஆனால் கதையில் எழுதினால் நம்பமாட்டீர்கள்.]

[முடிவு ஆ: மயங்கி விழுகிறாள். வெட்கக்கேடு.]

“இங்க வாடி, கால் வலிக்குது,” என்றாள் மார்லிஸ்.

“வெர்லீன்,” என்றான் கார்னெல். அவ்வளவுதான் சொன்னான். அதுதான் மோசம்.

“ரெண்டு பேரும் கேளுங்க,” என்றாள் வெர்லீன். “எங்க நிக்கணும்னு எனக்கு மூணு வாரமாத் தெரியும். நின்னதுக்கப்புறம் என்கூடப் பேசுவீங்களான்னுதான் தெரியல.”

எனக்குக் காப்பி கசந்தது.

“பேசாம?” என்றாள் மார்லிஸ். “காலைல உன் கார்லதான வேலைக்குப் போறேன்.”

“வீட்டுச் சாவி உன் பையில இருக்கு,” என்றான் கார்னெல். “பேசித்தான ஆகணும்.”

அப்பாடா. மூன்று வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கியது. வெர்லீன் சிரித்தே விட்டாள். பிறகு நடந்தாள்.

5

எந்த மூலைக்கு? பார்த்தேன். சொல்லமாட்டேன். நீங்களே கொண்டுபோய் நிறுத்துங்கள். எங்கே நிறுத்தினாலும் கதை உடையாது. கூட்டம் முடிந்து மூன்று பேரும் ஒரே காரில்தான் வீட்டுக்குப் போனார்கள். வெர்லீன்தான் ஓட்டினாள். அவளுக்குப் பக்கத்து சீட்டு யாருக்கு என்று, காரை எட்டும்வரை, மற்ற இருவரும் சண்டை போட்டது எனக்குக் கேட்டது.